எழுப்பாமல் விட்ட பாட்டு

தம்பி,

நீ அனுப்பிய செய்தியை உன் அம்மாதான் முதலில் பார்த்தாள். "அப்பா, ஆபீசில் என்னோடு இருந்த நண்பன் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டம். நான் ஏதாவது வாசிக்க வேண்டுமாம். நல்ல கவிதை ஒன்று அனுப்புங்க, சின்னதாக இருந்தால் நல்லது" என்று எழுதியிருந்தாய். அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அந்தக் கதைய சொல்லாம அவனுக்கு எதையும் அனுப்பிராதீங்க" என்றாள். அதனால்தான் கவிதைக்குப் பதில் இந்த நீளக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். எழுதினால் ஓரிடத்தில் உட்கார்ந்து படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

உன் நண்பனை நான் பார்த்ததில்லை. உன் பேச்சில்தான் தெரியும். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை உன்னோடு பங்கு போடுகிறவன், மழை வந்தால் உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவந்து விடுகிறவன். போன வருஷம் அவன் கல்யாணத்துக்குப் போய்வந்து போட்டோ காட்டினாய். அந்த மணப்பெண்ணின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். நீ எதை வாசித்தாலும் அது முதலில் போய் விழுவது அந்தப் பிள்ளையின் காதில்தான். இவ்வளவு சின்ன விஷயம், காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்த உன் அப்பாவின் மண்டையில் ஏறாமல் போனது. அதனால் ஒரு உயிர் போகப் பார்த்தது.

மாரிமுத்து மாமாவின் சாவுக்கு நீ வந்து, எடுத்து முடிந்த கையோடு திரும்பிப் போய்விட்டாய். அவன் எப்படிப் போனான் என்று உனக்கு யாரும் விவரமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். (உனக்கு மாமா, எனக்கு அவன் எப்போதும் அவன்தான்.) ஹட்டனுக்குப் போய், பெண்சாதி சரோஜா அத்தைக்குச் சீனி வியாதி மாத்திரை வாங்கிக்கொண்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறியிருக்கிறான். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் தலையைச் சாய்த்தவன் வழியில் ஏதோ ஒரு வளைவில் போய்விட்டான். எந்த வளைவு என்று யாருக்கும் தெரியாது. நம் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றபோது, பக்கத்தில் இருந்த பொம்பளை அவன் தோளைத் தட்டி, "மாமா, நடிச்சது போதும், எறங்குங்க" என்றிருக்கிறாள். பஸ்ஸில் இருந்த நம் சனமெல்லாம் சிரித்திருக்கிறது. கண்டக்டர் சிங்களத்தில் சத்தம் போட்ட பிறகும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்களாம். சாவதுபோல் நடிப்பதில் அவ்வளவு பேர் வாங்கியவன் அவன்.

நீ சின்ன வயதில் பார்த்ததுதான், கொழும்புக்குப் போனபின் மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு மாசியிலும் நம் தோட்டத்தில் காமன் கூத்து. புதிதாகக் கல்யாணம் முடித்த மன்மதன், தவத்தில் இருக்கிற ஈசன்மேல் அம்பு விடக் கிளம்புகிறான். ரதி போகாதே என்று மறிக்கிறாள். கேட்காமல் போய் நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். அதற்குப் பிறகு ரதியின் புலம்பல். மூன்றாம் நாள் அவனை எழுப்பும் பாட்டு. மாரிமுத்து கவ்வாத்து மலையில் தேயிலைச் செடிகளின் கிளை வெட்டிய களைப்போடு வந்து வருஷாவருஷம் மன்மதன் வேஷம் கட்டினான். பாடுவது நான். எரிந்து விழுந்ததும் அவனை வெள்ளை வேட்டியால் மூடுவோம். மூச்சு விடுகிற அசைவுகூடத் துணியில் தெரியாது. சில வருஷம் நானே பயந்துபோய், பாட்டுக்கு நடுவில் காலால் அவன் விலாவைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். "டேய் மாஸ்டரு, செத்தவன ஒதைக்காதடா, பாவம்" என்று துணிக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வரும்.

நம் தோட்டத்துக் கூத்துக்கு ஒரு கட்டு உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். நம் தோட்டத்தில் இதுதான். எரிந்தவனை எழுப்பும்வரை யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவன் வீட்டில் விளக்கு வைக்கக் கூடாது. அவன் பெண்சாதி சோறு சாப்பிடக் கூடாது. மூன்றாம் நாள் பாட்டுச் சொல்லி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மூன்று முறை கூப்பிட்டு எழுப்பிய பிறகுதான் அவள் கை நனைப்பாள். புலம்பலைத் தொடங்கியவனே எழுப்பும் பாட்டையும் பாட வேண்டும், ஆள் மாற்றக் கூடாது. சரோஜா அத்தை இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அந்த விரதத்தைப் பிடித்தவள். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் தீபாவளியைவிட, பொங்கலைவிட, அந்த மூன்றாம் நாள்தான் பெரிய நாள்.

கருமாதி முடிந்து சில நாளில் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் வந்தார்கள். கோயில் மண்டபத்தில் மாரிமுத்துவுக்கு நினைவுக் கூட்டம், ஹட்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், நிகழ்ச்சியில் "இலக்கிய வாசிப்பு" என்று ஒன்று போட்டிருக்கிறோம், அதை மாஸ்டர்தான் செய்யணும் என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மறைக்கவில்லை. அலமாரியில் இருந்த புத்தகங்களையெல்லாம் இறக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்திப் பாட்டுகளைப் பார்த்தேன். அவற்றில் பாதி, இந்த உடம்பு நாறும், உறவு பொய் என்று திட்டுகிறவை. உயிரோடு இருக்கிற பெண்சாதியை முன்னால் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா? புதுக்கவிதைகளைப் பார்த்தேன், மெழுகுவர்த்தி உருகுகிறது, சூரியன் சாய்கிறது. கவ்வாத்துக் கத்தியோடு மழையில் நின்றவனுக்கும் மெழுகுவர்த்திக்கும் என்ன சம்பந்தம்? சந்தியில் தொங்குகிற கண்ணீர் அஞ்சலி பேனர்களில் இருக்கும் கவிதை உனக்கே தெரியும், பேரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் ஒன்றையே போடுகிறார்கள். புத்தகக் குவியலுக்கு நடுவில் நான் முழிப்பதைப் பார்த்து உன் அம்மா, "என்னாங்க, செத்தவரு ஒங்க கூட்டாளியா, இல்ல பரீட்ச பேப்பரா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் ரதியின் புலம்பல் நினைவுக்கு வந்தது. நம் தோட்டத்து முன்னோர் யாரோ கட்டிய பாட்டு. ஏட்டில் இல்லை, என் வாயில்தான் இருக்கிறது. அதைவிடப் பொருத்தமாக எது? வெளியாட்கள் வருகிறார்கள், நம் பாட்டும் இலக்கியம்தான் என்று காட்டிவிடலாம் என்று ஒரு வீம்பும் சேர்ந்துகொண்டது. அம்மாவிடம் சொன்னபோது அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. "எழுப்புறதையும் சேத்துத்தானே படிப்பீங்க?" என்றாள். "அது கூத்து, இது இலக்கிய வாசிப்பு. செத்துப்போனவனப் பாத்து எந்திரி எந்திரின்னு சொன்னா சபையில சிரிப்பாங்க" என்றேன். "சரோஜா அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க" என்றாள். கேட்கவில்லை. எதை வாசிப்பது என்று அத்தனை நாள் யோசித்தவன், யாருக்கு வாசிக்கிறோம் என்பதை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

கூட்டத்தன்று ஆடி மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பட்டப்பகலில் லைட் போட வேண்டியிருந்தது. பனி வாசல் வழியாக உள்ளே வந்து பின்வரிசை ஆட்களின் கால்களை மறைத்துக்கொண்டு நின்றது. மேசையில் மாரிமுத்துவின் படம், மாலை, ஊதுபத்தி. முன்வரிசையில் சரோஜா அத்தை. நான் பாடவில்லை, மைக் முன்னால் நின்று வசனம் மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"அள்ளி எடுத்த சாம்பலிலே ஆசை முகம் தேடுறேனே,
புள்ளி அளவு சூடிருந்தா போதுமின்னு தடவுறேனே."

இந்த இடம் வந்தபோது மழை விட்டது. அத்தனை நேரம் தகரத்தில் கொட்டிய சத்தம் ஒரேயடியாக நின்று, என் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது. வாசித்து முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. பின்னால், கூத்துக்காரனுக்கு மரியாதை செய்யக் கொண்டுவந்த தப்புப் பறையோடு நின்ற பெருமாளிடமிருந்து ஒரே ஒரு அடி கேட்டது. பெருமாள் நம் கூத்துக்குத் தப்படிக்கிறவன், அவனுக்கும் வயதாகிவிட்டது. புலம்பல் முடிந்ததும் ஒற்றை அடி கொடுத்து நிறுத்துவது வழக்கம், எழுப்புகிற நாளில் அதே இடத்திலிருந்து தொடர்வதற்காக. "நான் அடிக்கல மாஸ்டர், கை தானாப் போச்சு" என்று பிற்பாடு சொன்னான்.

அந்த அடியைக் கேட்டதும் சரோஜா அத்தை எழுந்தாள். அழவில்லை. மேசைக்கு வந்து படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். படத்தை மல்லாக்கப் படுக்கவைத்தாள். பையிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து, தலையிலிருந்து கால்வரை மூடுகிற மாதிரி அந்தச் சின்னப் படத்தை மூடினாள். ஊதுபத்தியை அணைத்தாள். வேட்டியை அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன வாசிக்கப் போகிறேன் என்று வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் தயாராகத்தான் வந்திருக்கிறாள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அதை ஏதோ சடங்கென்று நினைத்துப் பயபக்தியோடு பார்த்தார்கள். நம் சனம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டது. கூட்டம் முடிந்ததும் படத்தை இரண்டு கையிலும் கிடத்தி, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, மூணாம் நாளு மறக்காம வந்துருங்க" என்றாள். நான் ஏதோ தலையாட்டிவிட்டு, வடை தின்று, பிளேன்டீ குடித்து, வந்தவர்களின் பாராட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் நான் போகவில்லை. துக்கத்தில் சொன்னது, மறந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே ஒரு நடுக்கம் இருந்தது, அதற்கு அப்போது பேர் வைக்கவில்லை. அன்று காலை முகம் மழித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். வெளியே பனி, எதிரே இருக்கிற லயத்து வீட்டு வரிசைகூடத் தெரியவில்லை. மேல் ரோட்டில் சலங்கை சத்தம். மன்மதன் நடந்து வருகிற நடை எனக்குத் தெரியாதா, இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பான். கத்தியை நிறுத்தினேன், சத்தமும் நின்றது. மழிக்கத் தொடங்கினேன், தொடங்கியது. ஆட்டுக் கழுத்து மணி என்று முடிவு செய்து வேலையை முடித்தேன். மேல் ரோட்டுக்காரர் யாரும் இப்போது ஆடு வளர்ப்பதில்லை என்று மத்தியானம்தான் நினைவு வந்தது. அந்த வாரம் பத்தாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்த பொம்பளைகளும் அதே சத்தத்தைக் கேட்டு, தேயிலை நிரையைப் பாதியில் விட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். கங்காணி பேசாத பேச்சு பேசினார். "நீங்க மட்டும் அந்த நெரயில ஒத்தையா நின்னு பாருங்க" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் நிற்கவில்லை.

இதையெல்லாம் நான் வதந்தி என்று தள்ளியிருப்பேன். தள்ள முடியாதது ஒன்று இருந்தது. உன் அம்மா தினமும் சரோஜா அத்தையைப் பார்க்கப் போனாள். ஒருநாள் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். "அவங்க சோறு திங்கல. அன்னைக்குக் கூட்டத்துல இருந்து ஒரு பருக்க உள்ள போகல. வெறும் தேத்தண்ணிதான். வெறும் வயித்துல மாத்திர போடக்கூடாதுன்னு மாத்திரையும் போடல. கை கால் நடுங்குது, பேசிக்கிட்டே இருக்கையில கண்ணு சொருகுது. ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டா, படுத்துருக்கவரத் தனியா விட்டுட்டு வரமாட்டேங்கிறாங்க. நீங்கதான் கெடத்துனீங்க, நீங்கதான் போயி எழுப்பணும்" என்றாள். உன் அம்மா என்னோடு அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதும் நான் பாட்டைக் கொண்டுபோகவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோனேன். ஆறுதலான கவிதைகளாகப் பார்த்து அடையாளம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன், உன் அப்பாவின் புத்தியைப் பார். அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் விளக்கில்லை. பாயில் படம் மல்லாக்கக் கிடந்தது, மேலே வெள்ளை. பக்கத்தில் அவள் உட்கார்ந்து முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். ஆடி மழையில் ஈ ஏது? இருந்தும் அவள் கை ஓயவில்லை. துணியின் நடுப்பகுதி கொஞ்சம் மேடாக இருப்பதாக எனக்குப் பட்டது. உற்றுப் பார்க்கத் தைரியமில்லாமல் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாருக்கு அண்ணே. ஆனா இதெல்லாம் எனக்குத்தானே? அவருக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"சரோஜா, அவன் போயிட்டான்மா. கூத்துல எந்திரிக்கிற மாதிரி இனி எந்திரிக்க மாட்டான்."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே குளிப்பாட்டுனேன்." ஈ விரட்டுகிற கை நிற்கவில்லை. "போகட்டும் அண்ணே, நான் மறிக்கல. ஆனா நீங்க படுக்கவச்சிட்டுப் போயிட்டீங்க. அவரு கட்டு மீறி எந்திரிக்கிற ஆளா? நீங்க கூப்புடுற வரைக்கும் அசையாமக் கெடப்பாரு. போறதுன்னாலும் எந்திரிச்சுத்தானே போகணும்?"

நான் எழுப்பும் பாட்டை, செத்தவனைத் திரும்பக் கொண்டுவருகிற பாட்டு என்றே நினைத்து வெட்கப்பட்டிருந்தேன். அத்தனை மாசி பாடியிருக்கிறேன், அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அன்றுதான் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். ரதியின் அழுகையைக் கேட்டு ஈசன் மன்மதனை முழுசாகத் திருப்பித் தருவதில்லை. எழுந்திருப்பான், ஆனால் அவள் ஒருத்தி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், ஊருக்குத் தெரியமாட்டான், இதுதான் வரம். ஒரு விதவைக்கு முன்னால் வாசிக்க இதைவிடப் பெரிய இலக்கியம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதைத்தான் நான் சபை சிரிக்கும் என்று வெட்டி எறிந்திருந்தேன். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, பெருமாளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

பெருமாள் முதலில் தயங்கினான். "மாசி இல்லாத மாசத்துல எழுப்புறதா மாஸ்டர்? வேஷம் கட்டுன ஆள எழுப்புனோம் சரி. இது நெசமாப் போனவரு. எந்திரிச்சிட்டா?" என்றான். எனக்கும் அந்தப் பயம்தான், தம்பி. ஒன்றும் நடக்காமல் போய்விடுமோ என்று நான் பயப்படவில்லை, நடந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன். வெளியே சொல்லாத அந்த நடுக்கத்துக்கு அவன் பேர் வைத்துவிட்டான். "அந்தம்மா சாகக் கெடக்குது பெருமாள்" என்றேன். அவன் எழுந்து உள்ளே போனான். அடுப்பில் தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தான்.

நாங்கள் போனபோது உன் அம்மா அங்கே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சரோஜா அத்தை ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். பெருமாள், அன்று மண்டபத்தில் நின்ற அடியிலிருந்தே தொடங்கினான். வாசலில் பனி அடைத்து வெளிச்சம் மங்கியது. நான் பாடினேன்.

"ஊரு கண்ணுக்குக் காத்தாவாய், உரியவளுக்கு உருவாவாய்,
யாரு கண்ணும் தேட வேணாம், அவ கண்ணுல எந்திரிப்பாய்."

அவள் தண்ணீர் தெளித்தாள். கூப்பிடுகிற இடம் வந்தது. "மன்மதா" என்று கூப்பிட்டேன். மறுபடி "மன்மதா" என்றேன். மூன்றாம் முறை அந்தப் பேர் வரவில்லை. "டேய் மாரிமுத்து, எந்திரிடா" என்று கத்திவிட்டேன். நானா கத்தினேன் என்றிருந்தது. அடுப்படியில் உன் அம்மாவின் கரண்டி விழுந்தது. பெருமாள் அடிப்பதை நிறுத்தினான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பயம்.

கண்ணைத் திறந்தபோது வேட்டி தட்டையாகப் பாயோடு பாயாகக் கிடந்தது. சரோஜா அத்தை பாயைப் பார்க்கவில்லை. எனக்கு வலப்பக்கம், சுவரோரம், ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்த கருப்பு அப்படியே இறங்கிப் போனது. புருஷன் வேலை விட்டு வந்ததும் பெண்சாதி முகத்தில் வருமே, ஒரு சலிப்பும் ஒரு நிம்மதியும், அதுதான். "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க அண்ணே, அவரு கால நீட்டணுமாம்" என்றாள். நான் தள்ளி உட்கார்ந்தேன். உன் அம்மா விளக்கேற்றிவிட்டு, எதுவும் கேட்காமல் இன்னொரு தட்டும் எடுத்து வைத்தாள். சரோஜா அத்தை சோற்றைப் பிசைந்தாள். நடுக்கத்தில் பாதி கீழே சிந்தியது. சிந்தியதையும் பொறுக்கித் தின்றாள். தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டாள், அவன் பஸ்ஸில் மடியில் வைத்திருந்த அதே மாத்திரை.

திரும்பி வருகிற வழியில் பெருமாள் கேட்டான். "மாஸ்டர், ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

"இல்ல. ஒனக்கு?"

"எனக்கும் இல்ல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நல்லதுதான்" என்றான்.

இப்போது சரோஜா அத்தை நன்றாக இருக்கிறாள். சோறு தின்கிறாள், மாத்திரை போடுகிறாள், உன் அம்மாவோடு சேர்ந்து கோயிலுக்குப் போகிறாள். பத்தாம் நம்பர் மலையில் சலங்கை கேட்டதாக அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. அவள் காம்பராவிலிருந்து சில நாள் விடியக்காலையில் கேட்பதாகப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் சொல்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

ஆகவே தம்பி, நான் இப்போது உனக்குக் கவிதை எதுவும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்தப் பிள்ளையை ஒருமுறை போய்ப் பார். என்ன வாசிக்கட்டும் என்று அந்தப் பிள்ளையிடமே கேள். அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த சினிமாப் பாட்டாக இருக்கலாம், அவன் அவளுக்கு அனுப்பிய அசட்டு மெசேஜாகக்கூட இருக்கலாம், இலக்கியத் தரம் பார்க்காதே. நீளமாக இருந்தாலும் முழுசாக வாசி. சபை நெளிந்தால் நெளியட்டும், சுருக்கிவிடாதே. வாசித்து முடித்ததும் அந்தப் பிள்ளை உன் பக்கத்தில் ஏதோ ஒரு காலி இடத்தைப் பார்த்தால் நீயும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்காதே. தள்ளி உட்காரச் சொன்னால் தள்ளி உட்கார்.

அன்று நான் தள்ளித்தான் உட்கார்ந்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை, அவள் பார்த்த இடத்தையே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது, அது தெரிந்தது. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. எத்தனை மாசியில் அவனை நான் எழுப்பியிருக்கிறேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து, அன்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான் என்று பிற்பாடு அவளாகவே சொன்னாள். எனக்குத் தெரியவில்லை, தம்பி.

அப்பா